ஏய்ப்பவர்க்கு எந்தச் சொல்?

நேர்மையற்றவரைச் சுட்ட ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. 'ஸ்கவுண்ட்ரல்' என்பதில் வெறுப்பு மட்டுமே உண்டு. குறும்பு செய்யும் குழந்தையை 'ராஸ்கல்' என்னும்போது அதில் கொஞ்சல் கலந்துவிடுகிறது. 'ரோக்' இரண்டிற்கும் இடையில் நிற்கிறது. இவற்றைப் போர்த்துகீசிய மொழியில் பெயர்ப்பவர், சொன்னவர் எவ்வளவு சினந்தார், எவ்வளவு மன்னித்தார் என்பதை முதலில் அளந்தாக வேண்டும். அகராதி அந்த அளவைத் தருவதில்லை.

வெறுப்புச் சொற்களில் இடர் குறைவு. 'ஸ்கவுண்ட்ரல்' எனுமிடத்தில் 'கனாலியா' பொருந்தும். நாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து கிளைத்தது அது. 'கான்மேன்' என்பதற்கு வாய்த்த இணை இன்னும் அழகானது. நம்பிக்கையைக் கேட்டுப் பெற்றுக் கைக்கடிகாரத்தோடு மறைந்த ஒருவனை 1849இல் நியூயார்க் நாளிதழ்கள் 'நம்பிக்கை மனிதன்' என்றன; ஆங்கிலச் சொல் அவ்வழி வந்தது. போர்த்துகீசிய 'விகரிஸ்தா'வோ 'பங்குப் பாதிரியாரின் கதை' என்னும் தொடரிலிருந்து பிறந்தது. (தமிழுக்குப் 'பாதிரி'யைத் தந்ததும் போர்த்துகீசியமே.) இரு சொற்களும் ஏமாந்தவரின் நம்பிக்கையையே நினைவூட்டுகின்றன.

குறும்பைப் பெயர்ப்பதே கடினம். ஹாரி பாட்டர் கதையில் வரும் மாய வரைபடத்தின் ஆங்கிலப் பெயர் கொள்ளையரைக் குறிப்பது. பிரேசிலில் அதனைப் பெயர்த்த லியா வைலர் 'மரோட்டோ', அதாவது குறும்பன், என்னும் சொல்லைத் தேர்ந்தார். அகராதிப்படி இது பிழை எனலாம். ஆயினும் அவ்வரைபடத்தை வரைந்தோர் பள்ளி மாணவர். அவர்கள் கொள்ளையடித்தவை விதிகளை மட்டுமே. வைலரின் தீர்ப்பே சரியானது.

'ரோக்' என்பதற்கு 'மலாண்ட்ரோ' என எழுதக் கை துடிக்கும். அத்துடிப்பை அடக்குவதே நன்று. மலாண்ட்ரோ வெறும் ஏய்ப்பவன் அல்லன். உழைப்புக்குப் பிடிகொடாமல், பேச்சாலும் நயத்தாலும் பிழைக்கும் ரியோ நகரத்து மனிதன். பிரேசிலில் அடிமைமுறை 1888இல்தான் சட்டப்படி ஒழிந்தது. விடுதலை பெற்றோர்க்கு நிலமும் இல்லை, நல்ல வேலையும் இல்லை. அத்தகைய நாட்டில் உழைக்க மறுப்பவனைச் சாம்பா பாடல்கள் பாராட்டியதில் வியப்பில்லை. வர்காசின் சர்வாதிகார ஆட்சி (1937–1945) அப்பாடல்களை விரும்பவில்லை. உழைப்பைப் போற்றிப் பாடுமாறு பாடலாசிரியர்களை நெருக்கியது. ஓர் அரசையே உறுத்திய சொல்லை ஆங்கிலச் சிற்றூரின் குதிரைத் திருடனுக்குச் சூட்டினால், வாசகர் காதில் சாம்பா ஒலிக்கும், சிற்றூர் மறைந்துவிடும்.

ஜான் கே 1728இல் இயற்றிய இலண்டன் திருடர் நாடகத்தையும் அதன்வழி வந்த பிரெக்டின் நாடகத்தையும் தழுவி, 1978இல் சிக்கோ புவார்க்கே 'மலாண்ட்ரோவின் ஓபெரா'வைப் படைத்தார். அங்கே அச்சொல் பொருந்துகிறது; அவர் கதையையே 1940களின் ரியோவிற்குக் குடிபெயர்த்துவிட்டார். கதைமாந்தரை இலண்டனிலேயே விட்டுவைக்கும் மொழிபெயர்ப்பாளருக்கு அவ்வுரிமை இல்லை. எவ்வூர் மணமும் வீசாத 'வெல்யாக்கோ' என்னும் பழஞ்சொல் அவருக்குப் போதும்.