வலி மறந்த கால்களுக்கு ஒரு காலணி

சப்பாத்து வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "சைஸ் என்ன?" நாமும் ஏழு, எட்டு என்று ஓர் எண்ணைச் சொல்கிறோம். அந்த எண் பெரும்பாலும் பாதத்தின் நீளத்தைத்தான் சொல்லும். உள்வளைவு எவ்வளவு, எந்த விரலடியில் உடல் எடை அதிகம் இறங்குகிறது என்பதெல்லாம் அதில் இல்லை. போதாக்குறைக்கு, பலருக்கு இடது காலும் வலது காலும் ஒரே அளவாக இருப்பதில்லை.

இந்த இடைவெளியைத்தான் புதிய தொழில்நுட்பம் நிரப்புகிறது. ஸ்கேனர் பாதத்தின் முப்பரிமாண வடிவத்தைச் சில விநாடிகளில் பதிந்துவிடும். அழுத்தம் அளக்கும் தட்டின் மேல் நடந்தால், பாரம் விழும் இடங்கள் கணினித் திரையில் வண்ணங்களாகத் தெரியும். அதை வைத்து, காலணிக்குள் வைக்கும் இன்சோலைக் கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சில் எடுக்கலாம். ஒரே இன்சோலில் குதிகால் உறுதியாகவும் விரலடி மெத்தென்றும் இருக்கும்படி செய்ய முடியும்.

தானே வாரை இறுக்கிக்கொள்ளும் காலணியை நைக்கி 2016இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. விளம்பரங்களில் ஓட்டக்காரர்களும் கூடைப்பந்து வீரர்களும்தான் வருகிறார்கள். எனக்கோ, இந்தத் தொழில்நுட்பம் முதலில் போய்ச் சேர வேண்டியது நம் வீட்டுப் பெரியவர்களின் கால்களுக்கு என்று தோன்றுகிறது.

காரணம், இனிப்பு நீர். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாவிட்டால் பாத நரம்புகள் மரத்துப்போகும். என் பெரியப்பா ஒருநாள் முழுவதும் சப்பாத்துக்குள் ஒரு சிறு கல்லோடு நடந்திருக்கிறார். மாலையில் பெரியம்மா காலுறையில் இரத்தக் கறையைப் பார்த்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. அதுதான் ஆபத்து. இப்படிக் கவனிக்கப்படாத சிறு புண்கள்தான் பலருக்கு விரலையும் காலையும் எடுக்கும் நிலைவரை கொண்டுபோகின்றன.

இந்த உண்மையைத் தொழுநோயாளிகளிடம் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் பணியாற்றியவர். தொழுநோயால் சதை தானாக அழுகுவதில்லை, வலி தெரியாமல் மீண்டும் மீண்டும் காயப்படுவதால்தான் கால்கள் சிதைகின்றன என்று அவர் விளக்கினார். அழுத்தத்தைப் பரப்பிவிடும் மென்மையான ரப்பர் செருப்புகள் அவர்களுக்காக அங்கே உருவாயின. இன்றைய ஸ்கேனரும் அச்சு இயந்திரமும் அதே வேலையை இன்னும் துல்லியமாகச் செய்கின்றன.

பிராண்ட் 1966இல் அமெரிக்கா சென்ற பிறகு இன்னொன்றையும் முயன்றார். அழுத்தம் உணரும் கருவிகளைக் கையுறையிலும் காலுறையிலும் பொருத்தி, அளவு மீறினால் எச்சரிக்கும்படி செய்தார். இன்றைய 'ஸ்மார்ட்' உடைகளின் முன்னோடி என்றே அதைச் சொல்லலாம். ஆனால் முயற்சி தோற்றது. கருவி எச்சரித்தபோது நோயாளிகள் அதை அணைத்துவிட்டு, செய்துகொண்டிருந்த வேலையையே தொடர்ந்தார்கள்!

இப்போது வெப்பநிலை உணரிகளை நூலோடு நெய்த காலுறைகள் அமெரிக்காவில் வந்திருக்கின்றன. புண் வெளியே தெரிவதற்கு முன்பே அந்த இடம் சூடாகும். இரு கால்களிலும் ஒரே இடத்தை ஒப்பிட்டு, 2.2 டிகிரி செல்சியசுக்கு மேல் வித்தியாசம் நீடித்தால் நடையைக் குறைத்து மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது கணக்கு.

நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் நம் ஊர் வெயிலில் யார் நாள் முழுக்கக் காலுறை போடுகிறார்கள்? வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிடுகிறோம். கோயிலில் வெறுங்கால். தைப்பூசத்தில் சுடும் தாரில் நடக்கிறோம். நமக்குத் தேவை வீட்டுக்குள் போடக்கூடிய, காற்றோட்டமான, கழுவினால் கெடாத ஓர் அறிவார்ந்த சிலிப்பர். பொறியியலும் வடிவமைப்பும் படிக்கும் நம் பிள்ளைகள் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்பு தேடினால், இதோ ஒன்று!

அது வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். புதுச் சப்பாத்தை, கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு அணியச் சொல்லுங்கள். இரவில் அப்பா, அம்மாவின் பாதங்களைத் திருப்பிப் பாருங்கள். சிவந்த இடமோ கொப்புளமோ தெரிந்தால் மறுநாளே கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். கருவியை அணைத்துவிடலாம். அக்கறையோடு பார்க்கும் பிள்ளையை அணைக்க எந்தப் பொத்தானும் இல்லை.