ஓலை எரிந்த பிறகு ஓடும் கோப்பு

“வருமுன் காப்போம்” என்று மேடைதோறும் முழங்குவோர் நாட்டிலே ஏராளம். காத்த இடத்தைக் காட்டுங்கள் என்றால்தான் கைவிரிக்கின்றனர்!

2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகி மாண்டனர். 2004 சனவரி 23 அன்று திருவரங்கத்துத் திருமண மண்டபத்தில் ஓலைப் பந்தல் எரிந்தது. மணமகன் உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அதன்பின் 175 நாட்கள்! அதே காவிரி நாட்டில், கும்பகோணத்தில், சூலை 16 அன்று பள்ளியின் ஓலைக் கூரை எரிந்து 94 பச்சிளங் குழந்தைகள் பலியாயினர்.

எச்சரிக்கை கிடைக்கவில்லை என்று எவரேனும் சொல்ல முடியுமா? இருமுறை நெருப்பே வந்து எழுதிக் காட்டிற்று. ஏர்வாடியில் சங்கிலியைக் கண்டனர், காப்பகங்களை மூடினர். திருவரங்கத்தில் மண்டபத்தைக் கண்டனர். இரண்டிலும் எரிந்த ஓலை, பள்ளிக்கூடத்திற்குப் பாடமாகவில்லை. கூரைக்கென்று தனித் துறை இல்லையே, பாவம்!

“ஏழை நாடய்யா, ஓலையை நீக்கப் பணமேது?” என்பாரும் உண்டு. 94 பிணங்கள் வீழ்ந்தபின், பள்ளிகளில் ஓலைக் கூரை கூடாதென்று ஆணை பிறந்ததே, கூரைகள் இறங்கினவே, அது எந்த நாட்டுப் பணம்?

தடை வேறிடத்தில் இருக்கிறது. அவ்வாண்டு சூன் திங்களில் ஓர் அதிகாரி அங்கே சென்று, “ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகளா? இத்தனை பிள்ளைகளுக்கு இந்தக் குறுகிய படிக்கட்டா?” என்று கேட்டுப் பூட்டியிருந்தால், அவர் கழுத்தில் மாலையா விழுந்திருக்கும்? தாளாளர் சீறியிருப்பார். “படிப்பைக் கெடுத்த பாவி” என்று பெற்றோரே ஏசியிருப்பர். ஏதோவொரு கட்சியின் கரை வேட்டி, “சற்றே விட்டுப்பிடியுங்கள்” என்று பரிந்துரைக்கக் கிளம்பியிருக்கும். 94 பிள்ளைகளும் மாலையில் வீடு திரும்பியிருப்பர். தாம் காப்பாற்றப்பட்டது அவர்களுக்கே தெரிந்திராது. தெரியாத நன்மைக்கு வாக்கு விழுமா? ஆறுதல் கூறக் காரிலே வந்து இறங்கினாலோ, மறுநாள் ஏட்டிலே படம்!

குற்றவாளிகளுக்குத் தஞ்சை நீதிமன்றம் தண்டனை வழங்கியது 2014இல். பத்தாண்டு வழக்குக்குப் பொறுமை உண்டு. பத்து நாள் பள்ளியை மூடிவைக்க மட்டும் இல்லை.

தோழர்களே! இவ்வாரமே உங்கள் ஊர்ப் பள்ளிக்கும் மண்டபத்திற்கும் செல்லுங்கள். வெளியேறும் வழி எத்தனை, உரிமச் சான்று தருமுன் நேரில் வந்து பார்த்தவர் யார் என்று கேளுங்கள். பூட்ட வரும் அதிகாரியிடம் பரிந்துரைக்கு எவரும் போக வேண்டா. உரிமையாளர் நம் கட்சிக்காரராகவே இருப்பினும்!