ஒத்து ஊதினவர்

பெரிய மனிதர் சொல்வதற்கெல்லாம் எவனாவது ஆமாம் போட்டால், "ஒத்து ஊதுகிறான்" என்று ஏசுகிறோம். இந்த வசவை முதலில் சொன்னவன் ஒரு நாழிகையாவது ஒத்து ஊதிப் பார்த்திருக்க மாட்டான்.

ஒத்து என்பது நாகஸ்வரம் மாதிரியே நீளமான குழல். ராகம் வாசிக்க அல்ல, ஒரே சுருதியில் நிற்பதற்கு. மேளம் தொடங்கியது முதல் முடிகிற வரை, கன்னத்தில் காற்றை அடக்கி, மூக்கால் மூச்சு வாங்கி, இடைவிடாமல் ஊத வேண்டும். எங்கள் ஊர்க் கோயில் மேளத்தில் நாற்பது வருஷம் அதை ஊதினவர் ஒருவர் இருந்தார். சுவாமி புறப்பாட்டில் மல்லாரி முழங்கும்போது எல்லோரும் நாகஸ்வரக்காரர் முகத்தைப் பார்ப்பார்கள். இவர் முகத்தைப் பார்த்தவர்கள், உப்பின கன்னத்தைக் கண்டு சிரிக்கிற எங்களைப் போன்ற வாண்டுகள்தான்.

ராஜரத்தினம் பிள்ளை 1956-இல் மறைந்தார். அவர் தோடியைப் பற்றித் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இன்னும் விடிய விடியப் பேசுவார்கள். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலுக்கும் அந்த மரியாதை உண்டு. ஒத்துக்காரர் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றால் விழிப்பார்கள்.

பிறகு மின்சாரச் சுருதிப் பெட்டி வந்தது. அதற்குக் கூலி வேண்டாம், பந்தியில் இலை வேண்டாம். இதில் என்ன நஷ்டம் என்கிறார்கள். சொல்கிறேன். கற்க வந்த பையன் முதலில் கையில் எடுத்தது ஒத்தும் தாளமும்தான். ராகம் எங்கே எழுகிறது, வித்வான் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று முழத் தூரத்தில் நின்று வருஷக்கணக்கில் கேட்டான். அதுதான் அவனுக்குப் பாடசாலை. பெட்டி வந்ததும் அவன் நிற்க இடமில்லாமல் போயிற்று.

நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆச்சா மரத்தைக் கடைகிற கைகளுக்கு அது நியாயமான கௌரவம். ஆனால் ஊதுகிறவனைக் கைவிட்டுக் குழலை மட்டும் காப்பாற்றினால், அது கண்ணாடி அலமாரியில் வைக்கிற கட்டைதான்.

ஊரைக் கோபிக்க எனக்கு யோக்யதை குறைவு. என் கல்யாணத்துக்கு மேளம் பேசியபோது, "ஒத்து எதற்கு? பெட்டி இருக்கிறதே" என்று நானே சொன்னேன்.

"நாப்பது வருஷமா எங்களோட நிக்கிறவரு, தம்பி" என்றார் நாகஸ்வரக்காரர்.

நான் இறங்கி வரவில்லை. ஓர் ஆள் கூலி மிச்சமாயிற்று. அந்தப் பணத்தில் வாசலுக்கு இன்னும் இரண்டு சரம் விளக்குப் போட்டோம்.

முகூர்த்தத்தன்று அவர் விருந்தாளியாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பெட்டி ரீங்கரித்தது, நாகஸ்வரம் எழுந்தது. வந்தவர்களெல்லாம் வழக்கம்போல இரைந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மணையிலிருந்து நான் அவரைப் பார்த்தேன். கையில் ஒன்றுமில்லை. கன்னம் மட்டும் உப்பி உப்பி வடிந்துகொண்டிருந்தது.

உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மேளம் பேசும்போது, அச்சாரம் கொடுப்பதற்கு முன்னால், "ஒத்து உண்டா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கேயோ ஒரு பையன் நிற்பதற்கு இடம் கேட்டதாக இருக்கும்.