திருமலைக் கடற்கரை: விடுமுறைக்கு வருவோரிடம் சில வார்த்தைகள்

ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் உறவினரும் நண்பர்களும் பிள்ளைகளுடன் நாட்டுக்கு வருகின்றனர். பத்திரிகைத் தொழிலில் காலத்தைக் கழித்தவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில், "கடலில் குளிக்க எங்கே போகலாம்?" என்று என்னிடம் கேட்கின்றனர். அவர்களிற் பலர் கொழும்புக்குத் தெற்கேயுள்ள ஏதோவொரு விடுதியில் ஏற்கெனவே அறை பதிவு செய்துவிட்டுத்தான் கேட்கின்றனர் என்பது வேறு விடயம்.

சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் தென்மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். அதே மாதங்களில் கிழக்குக் கடல் குளம்போற் கிடக்கும். வாடைக்காற்று வந்து மழை தொடங்கும் நவம்பருக்குப் பின்னர் நிலைமை தலைகீழாக மாறிவிடும். எனவே ஆகஸ்ட் விடுமுறையில் வருவோருக்கு எனது பதில் எப்போதும் ஒன்றே: திருகோணமலைக்குப் போங்கள்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் திருமலை என்ற பெயரை நாங்கள் எழுதியதெல்லாம் குண்டுவெடிப்பு, இடம்பெயர்வு, கடற்சமர் என்ற செய்திகளுக்காகவே. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் இன்று குழந்தைகள் மணலில் விளையாடுவதைப் பார்க்கும்போது, அந்தச் செய்திகளை எழுதிய எனக்கு ஏற்படும் மகிழ்ச்சியைச் சொல்லி விளங்கவைக்க முடியாது.

அங்கு என்ன பார்க்கலாம்? முதலிற் கோணேசர் கோவில். கடலிலிருந்து நூறு மீற்றருக்கு மேல் செங்குத்தாக எழும் பாறையின் உச்சியில் அது நிற்கின்றது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் இது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் பழைய கோவிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பாறையின் அடியிற் சுழியோடியபோது அக்கோவிலின் இடிபாடுகளை நீருக்கடியிற் கண்டனர். இன்றைய கோவிலுக்குச் செல்லும் பாதை பிரட்றிக் கோட்டைக்கு உள்ளாகவே செல்கின்றது. வழியில் மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு வரலாறு அலுத்துப்போனாலும் மான்கள் அலுக்கமாட்டா.

நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப் போர்க்கால மயானம் ஒன்று உள்ளது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருமலைத் துறைமுகத்தைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. அந்த மயானத்தில் பல நாட்டவர் அடுத்தடுத்துத் துயில்கின்றனர். அரை மணி நேரம் ஒதுக்கினாற் போதும்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் எல்லோரும் போகின்றனர். ஏழு கிணறுகளிலும் வெவ்வேறு அளவு சூடு. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்பது ஐதீகம். இன்றும் இறந்தோருக்கான கிரியைகளைச் செய்ய நமது மக்கள் அங்கு வருகின்றனர். அங்குள்ள பிள்ளையார் கோவிற் காணி தொடர்பில் 2019 இல் எழுந்த சர்ச்சையையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வாளியால் நீரள்ளி ஊற்றிச் சிரித்து விளையாடுவதற்கு முன்னர், பக்கத்தில் நிற்பவர் தந்தைக்கோ தாய்க்கோ கடன் செலுத்த வந்தவராக இருக்கலாம் என்பதை நினைவிற் கொள்வது நல்லது.

கடலுக்குள் இறங்க விரும்புவோருக்குப் புறாத்தீவு இருக்கின்றது. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரம். 2003 இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. இடுப்பளவு நீரிற் குனிந்து பார்த்தாலே பவளப்பாறைகளும் வண்ண மீன்களும் தெரியும். ஆட்களைத் தீண்டாது ஒதுங்கிப்போகும் சிறிய சுறாக்களையும் காணலாம். 1998 இல் கடல்நீர் சூடேறி ஹிக்கடுவையின் பவளப்பாறைகள் வெளிறி மடிந்தபோது, திருமலைப் பக்கத்துப் பாறைகள் பெருமளவுக்குத் தப்பிப் பிழைத்தன. அவ்வாறு தப்பியவற்றை இப்போது நமது கால்களே மிதிக்கின்றன. பவளம் ஓர் உயிர். ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் அளவே வளரும். படம் எடுப்பதற்காக ஒருவர் அதன்மீது ஏறி நிற்பதற்கு ஒரு விநாடி போதும். உடைந்த கிளை மீண்டும் வளரப் பல ஆண்டுகள் வேண்டும். வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் உள்ளூரவருடையதைவிடப் பல மடங்கு அதிகம் என்று குறைப்படும் நண்பர்களுக்கு நான் சொல்வது, அந்தக் கட்டணத்தில் பவளத்தை மிதிக்கும் உரிமை அடங்கவில்லை என்பதே.

ஆழ்கடல் துறைமுகத்தை மிக நெருங்கி வருவதால் நீலத் திமிங்கிலங்களைக் காணவும் திருமலையிற் படகுகள் புறப்படுகின்றன. திமிங்கிலத்தைத் துரத்திப் பிடிக்குமாறு படகோட்டியை வற்புறுத்தாதீர்கள். தூர நின்று பார்ப்பதே அழகு.

இவையெல்லாம் வழிகாட்டி நூல்களிலும் உள்ளவைதான். நான் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. நாம் விடுமுறை கழிக்கும் அந்த மணற்பரப்பு இன்னொருவரின் வேலைத்தலம்.

விடியற்காலையில் விடுதிக் கட்டிலை விட்டு எழுந்து கரைக்குச் சென்றாற் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். அரைவட்டமாகக் கடலில் வளைத்த வலையின் இரு கயிறுகளையும் இரண்டு வரிசை மனிதர் கரையிலிருந்து இழுக்கின்றனர். அதற்கு நீண்ட, தடையற்ற கரை வேண்டும். அந்த இடத்தைப் 'பாடு' என்பர். பாட்டில் ஒரு சுவரோ, இரும்புக் குடையோ, நீச்சற்குளமோ எழுந்துவிட்டால் வலை வளைக்க முடியாது. நாற்பது குடும்பங்கள் பங்குபோடும் மீன் அத்துடன் நின்றுவிடும்.

இது வீண் அச்சமன்று. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர், வடக்குக் கிழக்கிற் கரையிலிருந்து 200 மீற்றருக்குள்ளும் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள்ளும் வீடு கட்டக்கூடாது என்று அரசு விதித்தது. உல்லாச விடுதிகளுக்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டமை அப்போதே கண்டனத்துக்குள்ளானது. விதி பின்னர் தளர்த்தப்பட்டபோதிலும், கடல் யாருக்கு ஆபத்து, யாருக்கு அழகு என்ற கேள்வி எஞ்சி நிற்கின்றது. போர் முடிந்தபின் பாசிக்குடாவில் பெரிய விடுதிகள் வரிசையாக எழுந்தபோது, தலைமுறைகளாகப் படகேற்றிய இடத்துக்காகவும் கடற்கரைக்குச் செல்லும் பாதைக்காகவும் மீனவர்கள் குரல்கொடுக்க வேண்டியிருந்தது. திருமலைக்கும் அந்நிலை வரவேண்டுமா?

உல்லாசப் பயணத்துறை வேண்டாம் என்று நான் கூறவில்லை. முப்பதாண்டுப் போரும் ஆழிப்பேரலையும் உருக்குலைத்த கரைக்கு வருமானம் அவசியம். அந்த வருமானம் யார் கைக்குப் போகின்றது என்பதைத் தீர்மானிப்பதில் விருந்தினருக்கும் பங்குண்டு. விடுதி ஒழுங்கு செய்யும் படகை விட்டுக் கரையில் நிற்கும் உள்ளூர்ப் படகோட்டியுடன் பேசுங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். ஒரு வேளையாவது ஊர்க் கடையிற் சோறும் மீன் குழம்பும் சாப்பிடுங்கள். வலை இழுக்கும்போது பிள்ளைகளைக் கயிற்றுக்குக் குறுக்கே ஓடவிடாதீர்கள். முடிந்ததும் அங்கேயே மீன் வாங்குங்கள். கரையில் வேலி கண்டால், யாருடைய அனுமதியில் அது எழுந்தது என்று விடுதி முகாமையாளரிடம் கேளுங்கள். மீனவர் கேட்டால் காதில் விழாத கேள்வி, பணம் கொடுக்கும் விருந்தினர் கேட்டால் விழும்.

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தொழில் செய்யும் கரை அது. அவர்களிடமிருந்து மணலைப் பறித்து நமக்கு விரித்துத் தரும் விடுமுறை நமக்கு வேண்டாம்.