நகைப்புக்கும் மதிப்பு வேண்டும்

மன்னார்குடியில் 1937இல் பிறந்து, வறுமையாற் படிப்பை இடையிலே நிறுத்தி, பள்ளத்தூரில் மேடையேறியவர் மனோரமா. அறிஞர் அண்ணாவுடனும் கலைஞருடனும் நாடகங்களில் நடித்தார். 1958இல் 'மாலையிட்ட மங்கை' வாயிலாகத் திரைக்கு வந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் நடித்து, 2015இல் மறைந்தார். அவரது புகழைத் தமிழுலகம் போற்றுகிறது. முறைதான்.

ஆனால், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நாம் நம்மையே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். வானொலியிற் பிறந்து 1976இல் திரைக்கு வந்த 'கோமாளிகள்' என்றதும் மரைக்கார் ராமதாஸ் நினைவுக்கு வருகிறார். உடன் நடித்த பெண்களுள் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்? ஊரார் பழிச்சொல்லுக்கு அஞ்சாது மேடையேறி நம்மைச் சிரிக்க வைத்தோர் அல்லரோ நம் நடிகையர்?

விதைநெல்லை உண்டுவிட்டு விளைச்சலை எதிர்பார்ப்பார் உளரோ? அவர்தம் வரலாற்றை அவர்கள் வாழும்போதே எழுதிவைப்போம். இரங்கலுரை அதற்கு ஈடாகாது.