கரண்ட் இல்லாமலும் தண்ணீர் மேடேறும்

"கரண்ட் இல்லாமல் ஓடும் பம்பு என்று யார் சொன்னாலும் நம்பாதே. வீட்டிலேயே செய்தது என்றால் சுத்தமாக நம்பாதே." இந்த எச்சரிக்கை இன்று படித்தவர், படிக்காதவர் எல்லோரிடமும் பரவியிருக்கிறது. அப்படிப் பரவியதற்கு நியாயமான காரணமும் உண்டு. தொட்டியில் ஒரு பி.வி.சி. குழாயை இறக்கி, நடுவில் ஒரு பாட்டிலைச் செருகி, அதே தொட்டிக்குள் ஓயாமல் தண்ணீரைக் கொட்டவிடும் வீடியோக்கள் லட்சக்கணக்கானவர்களை ஏமாற்றியிருக்கின்றன. அவை பொய். தண்ணீர் தானே மேலேறி, கிளம்பிய இடத்திலேயே வந்து விழ இயற்கை இடம் தராது. ஆனால் அந்தப் பொய்யைக் காட்டி, மோட்டார் இல்லாத பம்பு எல்லாமே மோசடி என்று முடிவுகட்டுவது தவறு. ஓடை பக்கத்திலேயே ஓடியும் குடத்தோடு மேடேறும் மலைக்கிராமத்துப் பெண்களுக்கு அது செய்யும் கெடுதல் பெரிது.

நம்பாதவர்களின் முதல் வாதம்: சக்தி இல்லாமல் வேலை நடக்காது. உண்மை. ஆனால் சக்தி மின்கம்பியில் மட்டும்தான் வருமா? இறங்கி ஓடும் தண்ணீரிலேயே அது இருக்கிறது. ராம் பம்பு என்னும் மோட்டார் இல்லாத பம்பு அதைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஓடையிலிருந்து சரிவாக இறக்கிய குழாயில் தண்ணீர் வேகம் பிடித்து, கடைசியில் திறந்திருக்கும் கழிவு வால்வு வழியே வெளியேறும். வேகம் கூடியதும் அந்த ஓட்டமே வால்வைப் படாரென்று மூடிவிடும். ஓடிவந்த தண்ணீர் திடீரென நிற்பதால் குழாய்க்குள் அழுத்தம் பல மடங்கு எகிறும். வீட்டுக் குழாயைச் சட்டென்று மூடும்போது சுவருக்குள் 'டொக்' என்று கேட்கிறதே, அதே அதிர்ச்சிதான். அந்த அழுத்தம் ஒருவழி வால்வைத் திறந்து, கொஞ்சம் தண்ணீரைக் காற்றறைக்குள் தள்ளும். அங்கே அமுங்கிய காற்று அதை மேட்டுக்கு அனுப்பும். அழுத்தம் தணிந்ததும் கழிவு வால்வு தன் எடையால் திறந்துகொள்ளும், மறுபடியும் ஓட்டம் தொடங்கும். நிமிடத்துக்கு ஐம்பது அறுபது முறை, இரவும் பகலும்.

இது இணையம் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. டெர்பியில் கடிகாரம் செய்துவந்த ஜான் வைட்ஹர்ஸ்ட் 1772-இல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் இதன் முதல் வடிவத்தை அமைத்தார். அதில் குழாயை ஒருவர் கையால் திறந்து மூட வேண்டியிருந்தது. வெப்பக்காற்றுப் பலூன் புகழ் ஜோசப் மான்கோல்ஃபியே 1796-இல், பிரான்சில் தன் காகித ஆலைக்காக, அதைத் தானே இயங்கும்படி செய்தார்.

இரண்டாவது வாதம்: ஏறுவதைவிட வீணாவதுதான் அதிகம். கணக்கைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 60 லிட்டர் தண்ணீர் 2 மீட்டர் சரிவில் இறங்குகிறது. அதை 20 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். நூற்றுக்கு அறுபது திறன் என்று வைத்தால் நிமிடத்துக்கு 3.6 லிட்டர் மேலே போகும். சொற்பமாகத் தெரிகிறதா? ஒரு நாளுக்கு அது 5,000 லிட்டருக்கு மேல். பல குடும்பங்களுக்குக் குடிக்கவும் புழங்கவும் போதும். மீதி 56 லிட்டர் வீணாவதில்லை. வேலையை முடித்துவிட்டு அதே ஓடையில்தான் சேருகிறது.

மூன்றாவது வாதத்தைத்தான் நான் கவனத்தோடு எடுத்துக்கொள்கிறேன்: வீட்டில் செய்தது நிலைக்காது. அரைகுறையாகச் செய்தால் நிலைக்காதுதான். காற்றறையில் உள்ள காற்று மெல்ல மெல்லத் தண்ணீரில் கரைந்து தீர்ந்துபோகும். அதன்பின் ஒவ்வொரு அடியும் நேராகக் குழாயில் விழுந்து விரிசல் விடும். பலருடைய பம்பு சில வாரத்தில் நின்றுபோவது இதனால்தான். காற்றடைத்த பழைய சைக்கிள் டியூபைச் சுருட்டி உள்ளே வைத்தால் காற்று கரையாது. ஓடையிலிருந்து பம்புக்கு இறங்கும் குழாயை பி.வி.சி.யில் போடாமல் ஜி.ஐ. குழாயில் போட்டால் அதிர்ச்சி முழுதாகப் பயன்படும். பிலிப்பைன்ஸின் நீக்ரோஸ் தீவில் ஐட்ஃபி என்ற அமைப்பு, கதவுக்குப் போடும் கீல் போன்ற உள்ளூர்ச் சாமான்களைக் கொண்டே ராம் பம்பு செய்து, மலைமேட்டு ஊர்களுக்குத் தண்ணீர் ஏற்றிக் காட்டியது. 2011-இல் அதற்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. கதவுக் கீலை உள்ளூரிலேயே வாங்கி மாற்றிக்கொள்ளலாம். அதுவே அந்த பம்பின் ஆயுள்.

ஓடை இல்லாத இடத்தில்? கிணறு இருந்தால் கயிற்றுப் பம்பு. நிகரகுவாவின் கிராமங்களில் பல்லாயிரக்கணக்கில் பரவியது. வளையமாகக் கட்டிய கயிற்றில் வரிசையாக ரப்பர் வில்லைகள், அவை நுழைந்து ஏற ஒரு குழாய், பழைய டயரில் செய்த சக்கரம், ஒரு கைப்பிடி, அவ்வளவே. உறிஞ்சும் பம்பு நடைமுறையில் ஏழெட்டு மீட்டரோடு நின்றுவிடும், ஏனென்றால் அங்கே தண்ணீரை மேலே தள்ளுவது காற்றழுத்தம். கயிறு கீழிருந்தே தூக்குவதால் அந்த வரம்பு இதற்கு இல்லை. ஓர் அங்குலக் குழாயில் 10 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஐந்து கிலோதான். சிறுமிகூடச் சுற்றலாம்.

எதிர்ப்பவர்கள் சொல்வது சரியாகும் இடம் ஒன்று உண்டு: ஆழ்துளைக் கிணறு. 600 அடியிலிருந்து 1,000 லிட்டரை ஏற்ற, 75 வாட் வேகத்தில் உழைக்கும் ஒருவர், ஒரு துளி சக்தியும் வீணாகாவிட்டாலும் ஆறரை மணி நேரத்துக்கு மேல் பாடுபட வேண்டும். அங்கே கைவேலைப் பம்பைப் பரிந்துரைப்பவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை.

ஓடைக்கரையில் நிலமோ வீடோ இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாருடைய பேச்சையும் நம்ப வேண்டாம், என் பேச்சையும் சேர்த்து. கோடையில், ஓட்டம் மிகவும் மெலிந்திருக்கும்போது, ஒரு வாளியும் கடிகாரமும் கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபும் எடுத்துப் போங்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் சரிவு, எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்று அளந்து எழுதுங்கள். லிட்டரைச் சரிவால் பெருக்கி, ஏற்றத்தால் வகுத்து, அதில் பாதியை மட்டும் கிடைக்கும் என்று வையுங்கள். அது உங்கள் தேவைக்குப் போதுமென்றால் குழாய் வாங்குங்கள்.