அம்பில் எழுதிய பெயர்

புதுக்கோட்டைக் கம்பன் விழாவில் வாலி வதை பேசப்படும் இரவுகளில், கூட்டம் கலைந்த பிறகும் வழக்கு முடிவதில்லை. ராமன் மறைந்து நின்று எய்தது தகுமா என்று கீழராஜ வீதி டீக்கடை வரைக்கும் பேசிக்கொண்டே போவோம். அதே வழக்கைச் சென்ற மாதம் ஆலங்குடிக் கல்லூரி மாணவர் ஒருவர் எங்களிடம் வேறு பெயர்களில் கொண்டுவந்தார். 'மாஸ் எஃபெக்ட் 3' என்ற கணினி விளையாட்டில் ஒருவரை முதுகில் சுட்டுவிட்டாராம். அன்றிரவு தூக்கம் வரவில்லை என்றார்.

கனடாவின் பயோவேர் நிறுவனம் 2012இல் வெளியிட்ட அறிவியல் புனைவு அது. குரோகன் என்ற முரட்டு இனத்தைச் சலேரியன் என்ற இன்னொரு இனத்தார் தங்கள் போருக்காக வளர்த்துவிடுகிறார்கள். போர் முடிந்ததும் குரோகன்கள் பெருகி அடுத்தவர் மண்ணைப் பிடிக்க, ஆயிரம் கருவில் ஒன்றே தங்கும்படி ஒரு நோய் அவர்கள்மேல் ஏவப்படுகிறது. (1976-77இல் ஒரே ஆண்டில் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை அறுவை செய்த நாட்டில் இருந்துகொண்டு இதை வேற்றுக்கிரகக் கதை என்று தள்ள முடியவில்லை.) அந்த நோயைப் புதுப்பித்த விஞ்ஞானி மோர்டின் சோலஸ், பின்னாளில் மனம் மாறி, மருந்தைக் காற்றில் கலக்கக் கோபுரம் ஏறுகிறார். மருந்தைக் கெடுத்தால் படை தருகிறேன் என்று சலேரியன் தலைவி ரகசியமாகப் பேரம் பேசியிருக்கிறார். அண்டமே அழியப்போகிற நேரம். படை வேண்டும். துப்பாக்கி ஆடுபவர் கையில் இருக்கிறது.

சுக்ரீவனின் துணைக்காக எய்த அம்பு நினைவுக்கு வராமல் எப்படிப் போகும்? மார்பில் தைத்ததைப் பிடுங்கி வாலி படிப்பது ராமன் பெயரை; நாம் தள்ளி உட்கார்ந்து இரண்டு கட்சியும் பேசலாம். இங்கே ஆடுபவர் இயக்கும் தளபதி ஷெப்பர்டுக்கு முதற்பெயர் வைப்பதே அவர்தான். அம்பில் இருப்பது அந்த மாணவரின் பெயர்.

இன்னொரு முடிச்சும் உண்டு. முதல் பாகத்தில் ரெக்ஸ் என்ற குரோகன் பிழைத்திருந்தால் குரோகன்களுக்கு நிதானமான தலைவன். செத்திருந்தால் பழிவெறி பிடித்த ரீவ். அதே மருந்து ஒருவர் ஆட்டத்தில் நீதியாகவும் மற்றவர் ஆட்டத்தில் பேராபத்தாகவும் ஆகிவிடுகிறது. ரெக்ஸ் இருந்தால் துரோகத்தை அறிந்து கேட்க வருவான், வாலி கேட்டதைப் போல.

எல்லா விளையாட்டும் இப்படி அமைவதில்லை. பெரிதும் புகழப்பட்ட 'பயோஷாக்' (2007) எங்களுக்கு ஏமாற்றமே. அதில் எதிர்ப்படும் சிறுமியைப் பலியிட்டால் ஆட்டத்தில் சக்தி வாங்க உதவும் 'ஆடம்' 160, காப்பாற்றினால் 80. ஆனால் மூவரைக் காப்பாற்றியதும் 200 பரிசாக வந்துவிடுகிறது. கூட்டிப் பார்த்தால் 480க்கு 440. இழப்பை இப்படித் திருப்பிக் கொடுத்தபின் அங்கே அறத்துக்கு என்ன வேலை? 'மாஸ் எஃபெக்ட்'டும் பல இடங்களில் நல்லதற்கு நீலம், கடுமைக்குச் சிவப்பு என்று மதிப்பெண் போட்டுத் தன்னைக் குறைத்துக்கொள்கிறது. கோபுரக் காட்சியில் எந்த மதிப்பெண்ணும் ஆறுதல் தருவதில்லை.

ரெக்ஸ் இருக்கும்போது மோர்டினைச் சுட்டது தவறு என்பதே எங்கள் கட்சி. மறுப்பவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் இங்கே இடம் வேண்டும். சுஜாதாவின் இயந்திர நாய் ஜீனோவைக் கொண்டாடிய நம் விமர்சனம், விளையாட்டை இன்னும் பிள்ளைகளின் பொழுதுபோக்காகவே ஒதுக்கி வைத்திருக்கிறது. அடுத்த இதழிலிருந்து நான்கு பக்கம் இதற்காக ஒதுக்குகிறோம். ஆடியவர்கள் எழுதுங்கள். எதைத் தேர்ந்தீர்கள், ஏன் தேர்ந்தீர்கள் என்று மறைக்காமல் எழுதுங்கள். ஆலங்குடி மாணவரின் கட்டுரை வந்துவிட்டது. அது முதலில் அச்சாகும்.